ஒரு களஞ்சியமா, ஒன்பது களஞ்சியமா?

ஒரு பொருளைச் செய்பவர் ஒருவர். அதனை வாங்கிப் பயன்கொள்பவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையில் நிற்பது களஞ்சியம். தொழிற்சாலையை அதன் புகைக்கூண்டாலும் சங்கொலியாலும் அறிவோம். கடையை அதன் பெயர்ப்பலகையால் அறிவோம். களஞ்சியத்தையோ எவரும் அறியார். ஊருக்குப் புறத்தே, தகரக் கூரையின் கீழ், ஒரு காவலாளியும் ஒரு கணக்கெழுதுவோரும் துணையாக அது கிடக்கும். எனினும், ஓர் உற்பத்தியாளரைப்பற்றி வாடிக்கையாளர் கொள்ளும் நன்மதிப்பு ஆவதும் அழிவதும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே என்பது, இத்தொழிலில் நெடுங்காலம் உழைத்த எனது துணிபு. “இருக்கிறது, நாளை வரும்” என்னும் மறுமொழியும், “இல்லை, எப்போது வருமென்று சொல்ல முடியாது” என்னும் மறுமொழியும் பிறப்பது அங்கேதான்.

இன்று பல நாடுகளிலும் உற்பத்தியாளர்கள் தம் களஞ்சியங்களைக் குறைத்து ஒன்றுசேர்த்து வருகின்றனர். பலவாகச் சிதறிக் கிடந்தவற்றை மூடிவிட்டு, ஒன்றிரண்டு பெருங்களஞ்சியங்களிலிருந்து நாடு முழுவதற்கும் பொருள்களை அனுப்புகின்றனர். ஏன் என்று கேட்டால், “வாடிக்கையாளருக்கு மேலான சேவை செய்வதற்காக” என்பர். இக்கூற்று எவ்வளவிற்கு உண்மை? களஞ்சியம் எட்டப் போவதால் சேவை எங்ஙனம் கிட்ட வரும்? வணிகத்துறையிற் புகுந்துள்ள பழைய மாணவர்களும், நாளை புகவிருக்கும் இளைஞர்களும் சிந்திக்கத்தக்க வினா இது. ஆதலின் இதுபற்றி நான் கொண்ட கருத்தை இங்கே எழுதத் துணிகின்றேன்.

எனது சொந்த அனுபவமொன்றிலிருந்து தொடங்குகின்றேன். நீரிறைக்கும் இயந்திரங்களைச் செய்து விற்கும் ஒரு கொம்பனியின் விநியோகப் பகுதியில் நான் பல்லாண்டுகள் கடமையாற்றினேன். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. இலங்கையின் வெவ்வேறு பகுதிகளில் அதற்கு எட்டுக் களஞ்சியங்கள் இருந்தன. 2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் ஒன்பதாவது களஞ்சியம் திறக்கப்பட்டது. ஒருநாள் வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் அங்கு வந்தார். அவருடைய இயந்திரத்தினுள்ளே இருந்த இறப்பர் வளையம் ஒன்று தேய்ந்து நீர் ஒழுகியது, வேறு பழுதில்லை. அவ்வளையத்தின் விலை ஒரு கோப்பை தேநீரின் விலையிலும் சற்றே கூடியது. யாழ்ப்பாணக் களஞ்சியத்தில் அஃது இல்லை, கொழும்பிலும் இல்லை. ஒவ்வொரு களஞ்சியமாக நான் தொலைபேசியில் விசாரித்தபோது, மாத்தறையில் அதே வளையங்கள் 12, இரண்டாண்டுகளாகத் தூசுபடிந்து கிடக்கின்றன என்று அறிந்தேன். அவற்றுள் ஒன்று வலிகாமம் வந்து சேர 11 நாள்கள் சென்றன. அதற்குள் அவருடைய வெங்காயத் தறை வாடிவிட்டது.

அம்மனிதருக்கு நேர்ந்த இடர் பொருள் இல்லாமையால் வந்ததன்று. பொருள் இருந்தும் வேண்டிய இடத்தில் இல்லாமையால் வந்தது. சிதறிய களஞ்சியங்களின் முதற் பெருங்குறை இதுவே. ஒன்பது களஞ்சியங்கள் இருப்பின், எப்பொருள் எவ்வளவு விற்கும் என்று ஒன்பது பேர் தனித்தனியே ஊகிக்க வேண்டும். ஒருவருடைய ஊகம் மிகும், மற்றொருவருடையது குறையும். மிகுந்த இடத்தில் முதல் முடங்கும். குறைந்த இடத்தில் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவர். ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறைவை நிரப்புவதற்கு இடையிலே நூற்றுக்கணக்கான மைல்கள் குறுக்கிடுகின்றன.

இதனைக் கணக்காற் காட்டவும் இயலும். எதிர்பாராத தேவைக்கென்று ஒவ்வொரு களஞ்சியமும் சிறிது கூடுதலான கையிருப்பை வைத்திருத்தல் வழக்கம். ஒன்பது களஞ்சியங்களும் தலைக்கு 100 வீதம் அவ்வாறு வைத்தால் மொத்தம் 900 ஆகும். அவற்றை ஒன்றாக்கினால், அதே அளவு நம்பிக்கையோடு பொருள் வழங்குவதற்கு 300 போதும். ஓரிடத்துத் தேவை ஏறும்போது மற்றோரிடத்துத் தேவை இறங்குவதால், மொத்தத் தேவையின் ஏற்றவிறக்கம் களஞ்சியங்களின் தொகையைப் பொறுத்து ஒன்பதில் ஒன்றாகக் குறையாவிடினும், அத்தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மூன்றில் ஒன்றாகக் குறைகின்றது. இது வர்க்கமூல விதி எனப்படும். டேவிட் மாயிஸ்டர் என்பார் 1976ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இவ்விதியைப் பலரறியச் செய்தது. ஆயினும், இங்கே ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோரிடத்துத் தேவையும் ஏறத்தாழ ஒத்த அளவினதாயும், ஒன்றோடொன்று தொடர்பற்றதாயும் இருத்தல் வேண்டும். நாடு முழுவதும் ஒரே காலத்தில் மழை பொய்த்து, எல்லாரும் ஒருங்கே நீரிறைக்கும் இயந்திரத்தை நாடினால், இவ்விதி தரும் நன்மை பெரிதும் சுருங்கிவிடும்.

இரண்டாவது குறையும் ஒன்றுண்டு. கடைக்காரர் ஒருவர் ஒரு கட்டளையில் ஒரு பொருளை மட்டும் கேட்பதில்லை. பத்துவகைப் பொருள்களைக் கேட்கின்றார். ஒவ்வொரு வகையும் களஞ்சியத்தில் இருப்பதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். கேட்பதற்கு இது நல்ல நிலை போலத் தோன்றும். ஆனால் பத்து வகையும் ஒருங்கே இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 60 மட்டுமே. அஃதாவது, பத்துக் கட்டளைகளுள் நான்கு குறைபட்டே போகும். மீதிப் பொருள் பின்னர் வேறொரு லொறியில் வரும்; அதற்கு வேறொரு சிட்டை; அதற்கு வேறொரு கணக்கு; அவற்றால் ஒரு பிணக்கு. ஒவ்வொரு வகைக்குமான வாய்ப்பை 99 ஆக உயர்த்தினால், முழுமையாகச் செல்லும் கட்டளைகள் நூற்றுக்கு 90 ஆகும். ஒன்பது சிறு களஞ்சியங்களில் அவ்வுயர்வை எய்துதல் பெருஞ்செலவான காரியம். ஒரு பெருங்களஞ்சியத்தில் அஃது எய்தக்கூடியது.

அங்ஙனமாயின், இத்துணைக் களஞ்சியங்கள் முதற்கண் ஏன் தோன்றின என்று கேட்கலாம். எவரும் இருந்து திட்டமிட்டு அவற்றை அமைக்கவில்லை என்பதே பெரும்பாலும் விடையாகும். ஒரு முகவரின் வேண்டுகோளால் ஒன்று. மற்றொரு கொம்பனியை வாங்கியபோது அதனோடு வந்தது ஒன்று. அரசாங்கத்தின் வரிச் சட்டத்தால் வேறொன்று. இக்கடைசிக் காரணத்துக்கு அயல்நாடாகிய இந்தியாவே சிறந்த சான்று. அங்கே 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்தவருக்குப் பொருளை விற்றால் அவ்வரி செலுத்த வேண்டியிருந்தது. நெடுங்காலம் 4 சதவீதமாக இருந்த அவ்வரி 2007இல் 3 ஆகவும், 2008இல் 2 ஆகவும் குறைக்கப்பட்டது. எனினும் அதனை வாங்கியவர் தம் வரிக்கணக்கிற் கழித்துக்கொள்ள இயலவில்லை. ஆனால் உற்பத்தியாளர் தம் பொருளை மற்றொரு மாநிலத்திலுள்ள தம் சொந்தக் களஞ்சியத்துக்கு மாற்றுவது விற்பனையாகக் கொள்ளப்படவில்லை. அதற்கு இவ்வரி இருக்கவில்லை. எனவே மாநிலந்தோறும் ஒரு களஞ்சியம் வைத்து, அங்கிருந்து உள்ளூர் விற்பனையாக விற்பதே இலாபமாயிற்று.

இதனால் விளைந்த விந்தையைப் பாருங்கள். ஓசூர் என்னும் ஊர் தமிழ்நாட்டின் எல்லையில், பெங்களூருக்கு 40 கிலோமீற்றர் அளவு தூரத்தில் உள்ளது. பெங்களூரில் ஒரு கொம்பனிக்குக் களஞ்சியம் இருந்தாலும், ஓசூர்க் கடைக்காரருக்கு வரவேண்டிய பொருள் 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சென்னைக் களஞ்சியத்திலிருந்து வருவதே அக்கொம்பனிக்கு நயமாயிருந்தது. பூகோளம் ஒருபுறம் இழுக்க, வரிச் சட்டம் மறுபுறம் இழுத்தது. 2017 யூலை 1ஆம் நாள் பொருள் சேவை வரி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, மாநில எல்லையைக் கடந்து வாங்குவோரும் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள வழி பிறந்தது. எல்லைகளிலிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் பல மாநிலங்களில் விரைவிலேயே அகற்றப்பட்டன. அதன் பின்னர் உற்பத்தியாளர் பலர் மாநிலக் களஞ்சியங்களை மூடி, மும்பைக்கு அண்மையிலுள்ள பிவண்டி போன்ற இடங்களிற் பெருங்களஞ்சியங்களை அமைக்கலாயினர். இத்தகைய ஒன்றுசேர்ப்பை நான் முழுமனத்தோடு வரவேற்கின்றேன். ஏனெனில், மூடப்பட்ட களஞ்சியங்கள் வாடிக்கையாளரை நினைந்து திறக்கப்பட்டவை அல்ல.

களஞ்சியம் தொலைவிற் போனால் தாமதம் மிகும் என்பது பலருடைய எண்ணம். அஃது எப்போதும் உண்மையன்று. நஷனல் செமிகொண்டக்டர் என்னும் அமெரிக்கக் கொம்பனி, மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய நுண்சில்லுகளைச் செய்து வந்தது. 1990களின் முற்பகுதியில் அது உலகின் பல பாகங்களிலிருந்த ஆறு களஞ்சியங்களை மூடி, சிங்கப்பூரில் ஒரே மத்திய களஞ்சியத்தை அமைத்து, அங்கிருந்து விமானமூலம் வாடிக்கையாளருக்குப் பொருள் அனுப்பியது. இரண்டாண்டுகளில் பொருள் சேரும் காலம் 47 சதவீதம் குறைந்தது; விநியோகச் செலவு 2.5 சதவீதம் குறைந்தது. விற்பனை 34 சதவீதம் உயர்ந்தது. விற்பனை உயர்வுக்குப் பிற காரணங்களும் இருத்தல் கூடும். எனினும் காலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது சிந்திக்கத்தக்கது. பொருள்கள் பெரும்பாலான காலத்தைப் பயணத்திற் கழிப்பதில்லை. ஒரு களஞ்சியத்திலிருந்து மற்றொரு களஞ்சியத்துக்குக் கைமாறக் காத்திருப்பதிலேயே கழிக்கின்றன. இடைநிலைகள் ஒழிந்தால் காத்திருத்தலும் ஒழிகின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நுண்சில்லு எடையிற் சிறியது, விலையிற் பெரியது. அது விமானக் கூலியைத் தாங்கும். சீமெந்து தாங்குமா? உப்பு தாங்குமா? போத்தலில் அடைத்த குளிர்பானம் தாங்குமா? எடை மிகுந்து விலை குறைந்த பொருள் வாடிக்கையாளருக்கு அண்மையிலேயே இருத்தல் வேண்டும். ஒரு கொம்பனிக்கு வாய்த்த வழி எல்லாக் கொம்பனிக்கும் வாய்க்கும் என்று எண்ணுதல் ஒருவருக்கு அளந்த சட்டையை ஊருக்கெல்லாம் தைப்பது போலாகும்.

இனி எங்கள் ஒன்பது களஞ்சியங்களுக்குத் திரும்புவோம். 2005ஆம் ஆண்டில் எங்கள் கொம்பனி எட்டை மூடி, எல்லாவற்றையும் கொழும்பில் ஒன்றாக்கியது. அம்முடிவுக்குரிய அறிக்கையை எழுதியவருள் நானும் ஒருவன். ஓராண்டு கழியுமுன் நாங்கள் மற்றோர் அறிக்கை எழுதினோம். சேவை மேம்பட்டுள்ளது என்று அதிற் பெருமையோடு கூறினோம். அக்கூற்றில் மறைந்திருந்த பிழையை எளிய எண்களாற் காட்டுகின்றேன். நூறு வாடிக்கையாளர் உளர். முன்பு ஒவ்வொருவருக்கும் பொருள் சேர இரண்டு நாள் சென்றது என்று கொள்க. ஒன்றாக்கிய பின் அண்மையிலுள்ள 90 பேருக்கு ஒரு நாள். தொலைவிலுள்ள 10 பேருக்கு ஆறு நாள். சராசரியைக் கணக்கிட்டால் ஒன்றரை நாள் வரும். இரண்டு ஒன்றரையாயிற்று, கால்பங்கு முன்னேற்றம்! அறிக்கை பொய்யன்று. ஆனால் அந்தப் பத்துப் பேருக்குக் காத்திருப்பு மும்மடங்காயிற்று என்பதை அது சொல்லவில்லை. எங்கள் கணக்கில் அந்தப் பத்துப் பேரின் இடத்தில் இருந்தவர்கள் வடபகுதியார். அவர்களை நான் அறிவேன்; அவர்களுள் ஒருவனாகப் பிறந்தவன் நான். அறிந்திருந்தும் அச்சராசரியின் கீழ் எனது கையொப்பத்தை இட்டேன்.

2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. குடாநாட்டுக்கு வேண்டிய பொருள்கள் கடல்வழியே வரவேண்டியதாயின. எங்கள் யாழ்ப்பாணக் களஞ்சியம் திறந்திருப்பின், அங்கேயிருந்த சிறு கையிருப்பு சில மாதங்களுக்கேனும் உதவியிருக்கும். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அக்களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு கொப்பியில், எக்கிராமத்தில் எவ்வகை இயந்திரம் எத்தனை உண்டு, எவ்வியந்திரத்துக்கு எவ்வுறுப்பு எப்போது மாற்றப்பட்டது என்றெல்லாம் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். களஞ்சியம் மூடப்பட்டபோது அவருக்குரிய பணம் கொடுக்கப்பட்டது. கொப்பியை எவரும் கேட்கவில்லை. பழைய கடதாசிகளோடு அதுவும் போயிற்று. அக்கொப்பியில் இருந்த அறிவைக் கொழும்பிலிருந்த எங்கள் கணினி எக்காலத்தும் பெறவில்லை.

போர்க்காலத்து நிலைமையை வைத்து வணிக விதி வகுக்கலாமா என்று சிலர் வினவக்கூடும். அமைதி நிலவும் நாடுகளிலும் இவ்வாறு நேர்வதுண்டு. பிரித்தானியாவில் ஏறக்குறைய 900 கிளைகளைக் கொண்ட கே.எவ்.சி. உணவகங்கள், 2018 பெப்ரவரி 14ஆம் நாள் தம் விநியோகத்தை டி.எச்.எல். கொம்பனியிடம் ஒப்படைத்தன. முன்னைய ஒப்பந்தகாரர் ஆறு களஞ்சியங்களிலிருந்து வழங்கியதாகவும், புதியவர் ரக்பி நகரிலுள்ள ஒரே களஞ்சியத்தை நம்பியதாகவும் தொழிற்சங்கமொன்று அப்போது சுட்டிக்காட்டியது. தொடக்கநாளிலேயே அண்மையிலிருந்த பெருந்தெருவில் விபத்துக்கள் நேர்ந்தன, லொறிகள் தேங்கின. சில நாள்களுள் அரைவாசிக்கு மேற்பட்ட கிளைகள் உணவின்றி மூடப்பட்டன. அடுத்த மாதமே, வடபாகத்திலுள்ள 350 வரையான கிளைகளின் விநியோகம் பழைய ஒப்பந்தகாரரிடம் திரும்பிச் சென்றது. அங்கே போர் இல்லை. மூடிய வீதி இல்லை. ஒரே வாயில், ஒரே நாளில் மாற்றம் என்னும் இரண்டுமே போதியனவாயின.

ஆகவே, களஞ்சியங்களை ஒன்றுசேர்த்தல் தகாது என்பதன்று எனது கருத்து. மாத்தறையில் வளையம் தூங்க, வலிகாமத்தில் வெங்காயம் வாடிய அந்தப் பழைய முறைக்கு மீளவேண்டும் என்று நான் சொல்லேன். ஒன்றுசேர்த்தலால் உண்மையான நன்மை உண்டு. ஆனால் அந்நன்மையை யார் பெறுகின்றனர் என்பதே வினா. 900 இலிருந்து 300 ஆகக் கையிருப்புக் குறைந்தால் மீதியாகும் முதல் முழுவதையும் இலாபக் கணக்கிற் சேர்த்துவிட்டு, அதற்கு வாடிக்கையாளர் சேவை என்று பெயரிடுதல் நேர்மையன்று. அதில் ஒரு பங்கேனும் வாடிக்கையாளரிடம் திரும்பிச் செல்லவேண்டும். அவ்வாறு செல்வதற்கு நான்கு நெறிகளைக் கூறுவேன்.

முதலாவது, பொருள்களை வகைப்படுத்துக. விலை மிகுந்து விற்பனை மெதுவாயுள்ள பொருள்களை ஒன்றாக்குக. வர்க்கமூல விதி அவற்றுக்கே பெரும்பயன் தரும். முழு இயந்திரங்கள் கொழும்பில் இருக்கலாம். விலையாற் சிறிதாய், இன்மையாற் பெரிதாய் உள்ள பொருள்களைத் தொலைவிடத்து முகவரிடமும் சிறிதளவு வைத்து, வாரந்தோறும் மத்திய களஞ்சியத்திலிருந்து நிரப்புக. ஒரு பெட்டி இறப்பர் வளையத்தில் எவருடைய முதலும் முடங்கிவிடாது.

இரண்டாவது, சேவையை வாடிக்கையாளரின் வாசலில் நின்று அளக்க. லொறி நம் வாயிலை விட்டுப் புறப்பட்ட நேரத்தை எழுதி மகிழ்தல் வேண்டாம். சராசரியோடு அமையாது, மிகத் தொலைவிலுள்ளவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பதையும் ஒவ்வோர் அறிக்கையிலும் தனிவரியில் எழுதுக. அவ்வரி இன்றி எந்த அறிக்கையிலும் கையொப்பமிடாதிருப்பது, பொறுப்புள்ள உத்தியோகத்தருக்கு அழகு.

மூன்றாவது, ஒரே வாயிலை நம்பற்க. பெருங்களஞ்சியம் ஒன்றேயாயினும், வீதி தடைப்பட்டால், தீப்பிடித்தால், வெள்ளம் புகுந்தால் எங்கிருந்து எவ்வாறு வழங்குவோம் என்பதை முன்னரே தீர்மானிக்க. மாற்றத்தையும் ஒரே நாளிற் செய்தலாகாது. ஒரு பகுதியை மாற்றி, அது நிலைபெற்ற பின்னரே அடுத்ததை மூடுக.

நான்காவது, மூடும் களஞ்சியத்திலுள்ள மனிதரின் அறிவை முதலிற் கொண்டுவருக. பெட்டிகளைப் பின்னர்க் கொண்டுவரலாம். இயலுமாயின் அம்மனிதரையே அப்பகுதி வாடிக்கையாளரின் விசாரணைகளுக்குப் பொறுப்பாக வைத்துக்கொள்க. பொருளுக்கு எட்டும் அறிவு உலகில் எங்கும் விலைக்குக் கிடைக்கும். எந்த ஊரில் எவருக்கு என்ன வேண்டும் என்னும் அறிவு அங்கங்கே வாழ்ந்தவரிடம் மட்டுமே உண்டு.

கணிதமும் வணிகமும் பயிலும் மாணவர்களே, வர்க்கமூல விதியைக் கற்றுக்கொள்ளுங்கள். அது மெய்யான விதி. ஒருநாள் உங்களுட் சிலர் பெரிய கொம்பனிகளின் மேசைகளில் அமர்ந்து, எக்களஞ்சியத்தை மூடுவது, எதனை வைத்திருப்பது என்று தீர்மானிப்பீர்கள். முன்னால் விரித்திருக்கும் படத்தில் ஊர்கள் வெறும் புள்ளிகளாகத் தோன்றும். அப்போது, அப்புள்ளிகளுள் மிகத் தொலைவில் உள்ளதைத் தொட்டு, “இங்கே உள்ளவருக்கு எத்தனை நாள்?” என்று ஒரு முறை கேளுங்கள். நான் 2005இல் அதனைக் கேட்கவில்லை. வலிகாமத்துத் தோட்டக்காரரைப் பின்னர் ஒருமுறை கண்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வேறொரு கொம்பனியின் இயந்திரத்தை வாங்கிவிட்டதாக மட்டும் சொன்னார்.